தொட்டி வாங்கியாச்சு, மீன் எப்போ விடலாம்?

இரண்டடிக் கண்ணாடித் தொட்டி, மூன்று கிலோ கலர் கல், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், பாலித்தீன் பையில் பத்து மீன். எல்லாம் ஒரே ஆட்டோவில் வீடு வந்து சேரும். ராத்திரி எட்டு மணிக்குள் மீன் நீந்த ஆரம்பித்துவிடும். நான்காம் நாள் தண்ணீர் லேசாகப் பால் கலந்த மாதிரி ஆகும். ஆறாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறக்கும். பத்தாம் நாள் பாதி இருக்காது. கடையில் போய்க் கேட்டால், "உங்க வீட்டுத் தண்ணி சேரல சார்" என்பார்கள். கையில் நீல மருந்து பாட்டில் ஒன்றும் இன்னொரு பை மீனும் வந்து சேரும்.

தண்ணீர் சேரவில்லை என்பது பாதி உண்மை. காட்பாடி போர் தண்ணீருக்கும் சத்துவாச்சாரி காவிரித் தண்ணீருக்கும் ஏகப்பட்ட வித்தியாசம் உண்டு. ஆனால் முதல் இரண்டு வாரத்தில் சாகும் மீன்களில் பெரும்பாலானவை தம் கழிவிலிருந்து வந்த அம்மோனியாவால்தான் சாகின்றன. அதைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா புதுத் தொட்டியில் இல்லை. அது வளர மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். தொட்டி தயாராவது என்றால் இதுதான். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கணக்குக்கு வசதியாக 24 × 12 × 12 அங்குலத் தொட்டியையே எடுத்துக்கொள்வோம். வேலூர்ப் பக்கம் முதல் தொட்டி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் வாங்குகிறார்கள். இரண்டு கன அடி, விளிம்பு வரை ஊற்றினால் 56 லிட்டர் பிடிக்கும். கல்லைப் போட்டு, மேலே ஒன்றரை அங்குலம் விட்டு நிரப்பினால் நிஜத்தில் 45 லிட்டர்தான் நிற்கும். மருந்தோ குளோரின் முறிப்பானோ, எதற்கும் இந்த 45ஐ வைத்தே கணக்கிடுங்கள். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அது மீனுக்கான பாத்திரம் அல்ல.

தண்ணீர், கண்ணாடி, கல் எல்லாம் சேர்த்து எழுபது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். டிவி ஸ்டாண்ட், பிளைவுட் ஷெல்ஃப் எதுவும் இதைத் தாங்கும் என்று நம்ப வேண்டாம். ஆங்கிள் ஃபிரேம் ஸ்டாண்ட் அடித்து, மேலே முக்கால் அங்குல பிளைவுட், அதன் மேல் அரை அங்குல தெர்மாகோல் போட்டுத் தொட்டியை வையுங்கள். தெர்மாகோல் எதற்கு? பலகையில் சின்னதாக ஒரு ஆணித்தலை துருத்திக்கொண்டிருந்தால் போதும், பாரம் முழுக்க அந்த ஒரு புள்ளியில் இறங்கி அடிக்கண்ணாடி விரியும். தெர்மாகோல் அந்தப் புள்ளியை உள்வாங்கிக்கொள்ளும். சுற்றி பிளாஸ்டிக் விளிம்பு வைத்து, அடிக்கண்ணாடி தரையைத் தொடாமல் நிற்கும் கம்பெனித் தொட்டிக்கு மட்டும் இது வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை நீளவாட்டிலும் அகலவாட்டிலும் வைத்துப் பாருங்கள். ரசமட்டம் இல்லையென்றால் நான்கு விரல் தண்ணீர் ஊற்றி, நான்கு மூலையிலும் ஸ்கேலால் அளந்தாலே தெரிந்துவிடும்.

இடம் பார்க்கும்போது மேற்குச் சுவரைத் தவிருங்கள். மே மாதம் மாலை நான்கு மணிக்கு அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தால் காரணம் கேட்க மாட்டீர்கள். ஜன்னல் வெயில் நேராகப் படும் இடமும் கூடாது, தண்ணீர் பச்சையாகிவிடும். ஈசானிய மூலையில்தான் வைக்க வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், அங்கே வெயில் படவில்லை, பிளக் பாயின்ட் இருக்கிறது என்றால் தாராளமாக வையுங்கள். மீனுக்கு ஆட்சேபணை இருக்காது.

கல் போடும் முன்பே, தொட்டியை அதன் இடத்தில் வைத்து முழுக்க நிரப்பி 24 மணி நேரம் விடுங்கள். ஒட்டின இடம் முழுவதும் டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். ஈரம் கண்ணுக்குப் படுவதற்கு முன்னால் பேப்பரில் தெரியும். சிலிக்கானில் காடி வாசனை இன்னும் அடித்தால் அது காயவில்லை என்று அர்த்தம், இரண்டு நாள் பொறுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு மட்டும் கூடவே கூடாது. வெறும் தண்ணீரும் பழைய பருத்தித் துணியும் போதும்.

இனி தண்ணீர். இந்த மாவட்டத்தில் தொட்டி வைப்பவர்கள் நிறைய யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

நம் வீடுகளுக்குத் தண்ணீர் நான்கு வழியில் வருகிறது: கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக் காவிரித் தண்ணீர், வீட்டு போர், லாரித் தண்ணீர், ஆர்ஓ அல்லது கேன் தண்ணீர். இந்த நான்கும் தொட்டிக்குள் நான்கு விதமாக நடந்துகொள்ளும். முதல் வேலையாக ஒரு டிடிஎஸ் பேனா வாங்குங்கள், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் கருவி, சில நூறு ரூபாய்தான். நாலையும் தனித்தனி டம்ளரில் பிடித்து அளந்து, காலண்டர் தாளின் பின்னால் எழுதி வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் இன்னொரு முறை அளக்க வேண்டும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது மாதிரி ஒரு வருஷம் வந்தால், ஆற்றோரக் கிணற்றின் எண் வேறாக இருக்கும். அடுத்த சித்திரையில் அது மறுபடி ஏறும்.

பேனா காட்டும் எண்ணுக்கு ஒரு குறை உண்டு. கரைந்திருப்பது எவ்வளவு என்றுதான் சொல்லும், எது என்று சொல்லாது. பாறை இடுக்கில் ஊறி வந்த போர் தண்ணீரில் 900 காட்டினால் அதில் கால்சியமும் மெக்னீசியமும் நிறைய இருக்கும். சோப்பு நுரைக்காது, வாட்டர் ஹீட்டர் காயிலில் வெள்ளை ஏறும், ஸ்டீல் குடத்தின் அடியில் சுண்ணாம்பு படியும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு தோல் பதனிடும் பகுதிகளில் அதே 900 காட்டும் கிணற்றில் இருப்பது பெரும்பாலும் சாதா உப்பாக இருக்கலாம். பச்சைத் தோலுக்குப் போடும் உப்பு வருஷக்கணக்கில் நிலத்தில் இறங்கியிருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது இந்தத் தண்ணீரைப் பற்றித்தான். அந்தப் பட்டையில் இருக்கிறவர்கள் போர் தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றாதீர்கள். குரோமியம் போன்றவை இருக்கிறதா என்று டிடிஎஸ் பேனாவுக்குத் தெரியாது. காவிரித் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற இடங்களில் போர் தண்ணீர் 500, 600 வரை இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். கப்பி, மாலி, பிளாட்டி, ஸ்வோர்ட்டெயில் நான்கும் கடினத் தண்ணீர் மீன்கள்தான். மாலிக்கு மென்மையான தண்ணீரில்தான் உடம்புக்கு வரும். "எங்க ஊரு தண்ணில மீன் நிக்காது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மென்மையான தண்ணீர் கேட்கும் நியான் டெட்ராவோ டிஸ்கஸோ வாங்கி வந்தவர்களாக இருப்பார்கள். தண்ணீரை மீனுக்குத் தகுந்தபடி மாற்றுவதைவிட மீனைத் தண்ணீருக்குத் தகுந்தபடி தேர்ந்தெடுப்பது சுலபம், செலவும் குறைவு.

1000ஐத் தாண்டினால் ஆர்ஓ தண்ணீர் கலக்க வேண்டும். கணக்கு எளிது. போர் 1400, ஆர்ஓ 50 என்றால், ஒரு குடம் போருக்கு மூன்று குடம் ஆர்ஓ. அது 390க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். முழுக்க முழுக்க ஆர்ஓ அல்லது கேன் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். சுத்தமான தண்ணீர் மீனுக்கு நல்லது என்று நினைத்துச் செய்யும் இந்தத் தப்பு தொட்டி தயாராவதையே நிறுத்திவிடும். காரணத்தைப் பாக்டீரியாவுக்கு வரும்போது சொல்கிறேன். மாடியில் சாஃப்ட்னர் வைத்திருக்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை: அது கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. குளிக்க நல்லது, தொட்டிக்கு வேண்டாம். சாஃப்ட்னருக்கு முன்னால் இருக்கும் குழாயில் பிடியுங்கள். லாரித் தண்ணீர் ஒவ்வொரு நடையும் ஒவ்வொரு கிணறு. அதை மட்டும் நம்பித் தொட்டி வைத்தால் ஒவ்வொரு லாரிக்கும் பேனா போட வேண்டியிருக்கும்.

காவிரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். மேல்நிலைத் தொட்டி கழுவிய நாளில் மூக்குக்கே தெரியும். வாய் அகலமான டிரம்மில் பிடித்து, காற்றுக்கல் (காற்று மோட்டார் டியூபின் நுனியில் மாட்டிக் குமிழி விடும் கல்) ஓடவிட்டால் 24 மணி நேரத்தில் போய்விடும். அவசரம் என்றால் சோடியம் தயோசல்பேட், அதாவது பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் இருந்த அதே ஹைப்போ. ஒரு கிராம் படிகம், 100 லிட்டரில் 1 பிபிஎம் (லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) குளோரினை முறிக்கத் தாராளம். கடையில் ஆன்டி குளோரின் என்று நிறமில்லாத பாட்டிலில் சொட்டுச் சொட்டாக விற்பது பெரும்பாலும் இதன் கரைசல்தான். வீட்டு சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் போடும் பழக்கம் இருந்தால், போட்டு மூன்று நாள் வரை அதிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் எடுக்க வேண்டாம்.

போர் தண்ணீரில் குளோரின் இல்லை, அதற்கு வேறு சிக்கல். ஆழத்திலிருந்து வரும்போது அதில் ஆக்சிஜன் குறைவாகவும் கார்பன் டை ஆக்சைடு அதிகமாகவும் இருக்கும். பிடித்த உடனே பிஎச், அதாவது அமிலமா காரமா என்று சொல்லும் எண்ணைப் பார்த்தால் 7.0 காட்டும். காற்றோடவிட்டு மறுநாள் பார்த்தால் 8.0 கூடக் காட்டலாம். மறுநாள் எண்தான் நிஜமான எண். ஆகவே போர் தண்ணீரையும் ஒரு நாள் காற்றுக்கல் போட்டு வைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

கல்லுக்கு வருவோம். மூன்று மில்லிமீட்டர் அளவு ஆற்றுக்கல் பத்து பதினொரு கிலோ வாங்கினால் ஒன்றரை அங்குல உயரம் கிடைக்கும். முன்னால் ஒரு அங்குலம், பின்னால் இரண்டு அங்குலம் எனச் சரிவாகப் போட்டால் அழுக்கு முன்பக்கம் உருண்டு வரும், டியூப் போட்டு உறிஞ்சிவிடலாம். வாங்கும் முன் நான்கு கல்லை ஒரு மூடியில் போட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ விடுங்கள். குமிழி கிளம்பினால் சுண்ணாம்புக் கல். நம் தண்ணீரில் ஏற்கெனவே இருக்கும் கடினத்தை அது இன்னும் ஏற்றும். பவளத்துண்டு, சிப்பி, மார்பிள் துண்டு எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். நம்மைச் சுற்றி நிற்கும் குன்றுகளின் கருங்கல், தண்ணீரோடு எந்த வம்புக்கும் போகாது. பெரிய துண்டு ஒன்றைத் தேய்த்துக் கழுவிப் போடலாம். எம்-சாண்ட் வேண்டாம், அதன் தூள் வாரக்கணக்கில் கலங்கிக்கொண்டே இருக்கும், விளிம்பும் கூர். கலர் கல்லை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி ஒரு ராத்திரி வையுங்கள், சாயம் போகிறதா என்று காலையில் தெரிந்துவிடும்.

கழுவுவது பொறுமையான வேலை. இரண்டு கிலோ, இரண்டு கிலோவாக பக்கெட்டில் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, அரிசி களைவது போலக் கையைக் கீழே விட்டுக் கிளற வேண்டும். முதல் தண்ணீர் டீ மாதிரி வரும், அப்புறம் மோர் மாதிரி. பக்கெட்டின் அடி தெரியும்வரை விடாதீர்கள். தண்ணீர் ஊற்றும்போது கல்லின் மேல் ஒரு தட்டை வைத்து, அதன் மேல் மெதுவாக ஊற்றினால் குழி விழாது.

செடி வேண்டுமானால் வேலம்பாசியும் வாலிஸ்நேரியாவும் போதும். இரண்டும் நம் தண்ணீரில் சுணங்காமல் வளரும். வாங்கி வந்ததும், ஒரு லிட்டருக்கு 10 மில்லிகிராம் பொட்டாசியம் பர்மாங்கனேட் கலந்த இளஞ்சிவப்புத் தண்ணீரில் பத்து நிமிஷம் முக்கி அலசுங்கள். இலையின் அடியில் ஜெல்லி போல ஒட்டியிருக்கும் நத்தை முட்டையை நகத்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள், பர்மாங்கனேட் அதை முழுக்கக் கொல்லாது.

ஃபில்டர் மணிக்கு 200 முதல் 300 லிட்டர் தண்ணீரைச் சுற்றிவிட வேண்டும். காற்று மோட்டாரில் ஓடும் இரட்டை ஸ்பாஞ்ச் ஃபில்டர் இந்தத் தொட்டிக்குப் பொருத்தம். மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழேதான் இடம் இருக்கிறது என்றால் டியூபில் ஒருவழி வால்வு போடுங்கள், இருபது ரூபாய்ச் சாமான். அது இல்லாவிட்டால் கரன்ட் போகும்போது தண்ணீர் டியூப் வழியே பின்னோக்கி வந்து மோட்டாரையும் பிளக்கையும் நனைக்கும். ஒயர் எதுவானாலும் பிளக்குக்கு நேராகப் போகக் கூடாது. ஒரு முறை பிளக்கைவிடக் கீழே தொங்கி, வளைந்து மேலே ஏற வேண்டும். அப்போது ஒயரில் வழியும் துளி அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இப்போது தொட்டி பார்க்க அழகாக இருக்கும். வீட்டுப் பிள்ளைகள் மீன் எங்கே என்று கேட்பார்கள். இங்கேதான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

மீன் கழிவும் மிஞ்சின தீனியும் அம்மோனியா ஆகும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம். நைட்ரேட்டை வாராவாரம் தண்ணீர் மாற்றிக் குறைத்துவிடலாம். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்து வாழ்பவை அல்ல, ஸ்பாஞ்சிலும் கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டி வாழ்பவை. "பழைய தொட்டித் தண்ணி ரெண்டு பக்கெட் எடுத்து ஊத்துங்க" என்ற யோசனையால் பெரிய பயன் இல்லாததற்குக் காரணம் இதுதான். அதே பழைய தொட்டியின் ஸ்பாஞ்சை உங்கள் தொட்டிக்குள் பிழிந்துவிட்டால் பயன் உண்டு. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் மூன்று வாரத்தை மிச்சப்படுத்தும். மீனுக்கு நோய் எதுவும் இல்லாத தொட்டியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மீன் இல்லாமல் இந்தப் பாக்டீரியாவுக்குத் தீனி போட வேண்டும். அதற்கு அம்மோனியம் குளோரைடு, ஆய்வகத் தரத்தில். கல்லூரிகளும் மருத்துவமனைகளும் நிறைந்த ஊர், ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள். ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் நவச்சாரமும் இதே உப்புதான், ஆனால் அதில் வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, தொட வேண்டாம். 10 கிராமை ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து பாட்டிலில் வைத்து, மேலே பெரிய எழுத்தில் பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இதில் 28 மில்லி எடுத்து 45 லிட்டர் தொட்டியில் விட்டால் அம்மோனியா 2 பிபிஎம் ஆகும். இருமல் மருந்து மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளக்கலாம். கூடவே ஒரு சிட்டிகை மீன் தீனியைப் பொடித்துப் போடுங்கள். பாக்டீரியாவுக்கு பாஸ்பரஸும் வேண்டும், உப்பில் அது இல்லை.

சொட்டு மருந்து டெஸ்ட் கிட் மூன்று வேண்டும்: அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட். முக்கிப் பார்க்கும் ஸ்ட்ரிப் மலிவு, ஆனால் நம் ஊர்க் காற்றில் டப்பாவைத் திறந்து நான்கு மாதம் ஆனால் அது சொல்வதை நம்ப முடியாது. நைட்ரேட் கிட்டின் இரண்டாவது பாட்டிலை அரை நிமிஷம் ஓங்கிக் குலுக்க வேண்டும். அடியில் படியும் பொடி கலக்காவிட்டால் எப்போதும் சைபர்தான் காட்டும். சோதனைக் குழாயைப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளைக் கிட்டின் நிற அட்டையோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். எல்ஈடி பல்பு வெளிச்சத்தில் பச்சையும் மஞ்சளும் ஏமாற்றும்.

முதல் நாள் 28 மில்லி விட்டதோடு சரி. அம்மோனியா ஒரு வாரம், பத்து நாள் அசையாமல் நிற்கும். பிறகு இறங்க ஆரம்பிக்கும், அதே நேரத்தில் நைட்ரைட் தலைகாட்டும். அம்மோனியா சைபரைத் தொட்டதும் இரண்டு நாளைக்கு ஒரு முறை 14 மில்லி மட்டும், அதாவது 1 பிபிஎம். அதிகம் விட்டால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும். நடப்பது தலைகீழ். 2 பிபிஎம் அம்மோனியா 5.4 பிபிஎம் நைட்ரைட்டாக மாறும். மூன்று முறை முழு அளவு விட்டால் நைட்ரைட் 16ஐத் தொட்டு, கிட்டின் அட்டையில் இருக்கும் கடைசி ஊதாவையும் தாண்டிவிடும். அதற்குப் பிறகு இறங்குகிறதா ஏறுகிறதா என்றே தெரியாது. அப்படி ஆகிவிட்டால், பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். பாக்டீரியா ஸ்பாஞ்சில் இருப்பதால் தண்ணீரோடு போகாது.

ஆர்ஓ தண்ணீர் ஏன் கூடாது என்பதற்கும் விடை இங்கேதான். அம்மோனியா மாறும்போது தண்ணீரில் உள்ள காரத்தன்மை கரையும். ஒவ்வொரு 2 பிபிஎம்முக்கும் லிட்டருக்கு ஏறத்தாழ 12 மில்லிகிராம், கால்சியம் கார்பனேட் கணக்கில். போர் தண்ணீரில் 200, 300 இருக்கும், கவலை இல்லை. ஆர்ஓவில் இருபதுதான் இருக்கும், இரண்டு தவணையில் தீர்ந்துவிடும். பிறகு பிஎச் 6க்குக் கீழே சரிந்து, பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். மூன்று வாரமாக அம்மோனியா அசையவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் பிஎச் பாருங்கள். சரிந்திருந்தால் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடாவை ஒரு சொம்பு தண்ணீரில் கரைத்து ஊற்றினால் காரம் லிட்டருக்கு 65 மில்லிகிராம் போல ஏறும், இரண்டு நாளில் வேலை மறுபடி தொடங்கும். நாம் குறை சொல்லும் கடினத் தண்ணீர் இந்த ஒரு இடத்தில் நமக்குத் துணை.

அதே தண்ணீருக்கு இன்னொரு முகமும் உண்டு. அம்மோனியா எவ்வளவு விஷம் என்பதை பிஎச் தீர்மானிக்கிறது. 30 டிகிரி சூட்டில், பிஎச் 7ல் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதம்கூட விஷ வடிவில் இருக்காது. பிஎச் 8ல் ஏழரை சதவீதம். ஒரே கிட், ஒரே மஞ்சள் நிறம், ஆனால் விஷம் பத்து மடங்கு. இணையத்தில் வெளிநாட்டுக்காரர் யாரோ 0.5 பிபிஎம் பரவாயில்லை என்று சொல்லியிருந்தால், அவர் ஊர்த் தண்ணீர் வேறு. மீன் விட்ட பிறகு நமக்கு சைபர்தான் கணக்கு.

சூடு விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். இந்த பாக்டீரியா 25 முதல் 30 டிகிரிக்குள் நன்றாக வளரும், மார்கழி ராத்திரிகள் தவிர வீட்டுக்குள் நம் தண்ணீர் அங்கேதான் நிற்கும். ஹீட்டருக்குச் செலவு செய்ய வேண்டாம். கோடைதான் பிரச்சினை. அக்னி நட்சத்திரத்தில் தொட்டித் தண்ணீர் 33, 34க்குப் போகும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும் தண்ணீரில் 30 டிகிரியில் ஏழரைதான் கரையும். மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, தண்ணீர் மேற்பரப்பில் சாய்வாக ஒரு சின்ன மேசை விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் தினம் ஒரு லிட்டர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கும். அந்த ஒரு லிட்டரை 1400 டிடிஎஸ் போர் தண்ணீரால் நிரப்பினால், தினம் 30 பிபிஎம் ஏறும். ஒரு மாதத்தில் 900 கூடியிருக்கும். ஆர்ஓ தண்ணீருக்குச் சரியான இடம் இது: ஆவியானதை மட்டும் ஆர்ஓவால் நிரப்புங்கள், வாராவாரம் மாற்றும் தண்ணீருக்குப் பழைய போர்-ஆர்ஓ கலவையையே ஊற்றுங்கள்.

மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் சாயங்காலம் வரை கரன்ட் இருக்காது. ஸ்பாஞ்ச் ஃபில்டர் திறந்த தண்ணீரில் இருப்பதால் அவ்வளவாகக் கெடாது. மூடின கேனிஸ்டர் ஃபில்டருக்குள் காற்று தீர்ந்து அழுகல் வாடை வந்துவிடும். கரன்ட் வந்ததும் அதன் முதல் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் பக்கெட்டில் கொட்டுங்கள். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று வாங்கி வைத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

இடையில் வரும் சில பயங்கள். மூன்றாம் நாள் வாக்கில் தண்ணீர் வெண்மையாகக் கலங்கும், அது வேறு வகை பாக்டீரியாவின் பெருக்கம், தானாகத் தெளியும், தண்ணீரை மாற்றாதீர்கள். அழகுக்கு மரக்கட்டை போட்டிருந்து, அதன் மேல் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி படர்ந்தால் பழைய பிரஷால் தேய்த்துவிடுங்கள். பச்சையாகக் கலங்கினால் லைட்டை ஆறு மணி நேரமாகக் குறையுங்கள். ஸ்பாஞ்ச் அடைத்தால் குழாயடியில் கழுவாமல், தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை பிழியுங்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் ஒரு நிமிஷத்தில் ஒரு மாத உழைப்பைக் கெடுக்கும். நீல மருந்து, அதாவது மெத்திலீன் ப்ளூ, தயாராகிக்கொண்டிருக்கும் தொட்டியில் ஒரு சொட்டுகூட வேண்டாம், பாக்டீரியாவையும் அது விடாது. கைப்பிடி கல் உப்பு போடச் சொல்வார்கள். நம் தண்ணீரில் உப்புக்கு என்ன பஞ்சம்?

மூன்றாம் வாரமோ நான்காம் வாரமோ ஒரு நாள் நைட்ரைட் சட்டென்று சைபருக்கு விழும். அன்று ராத்திரி முழு அளவு, 28 மில்லி விடுங்கள். சரியாக 24 மணி நேரம் கழித்து அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் சைபர் காட்ட வேண்டும். மறுநாளும் அப்படியே காட்டினால் தொட்டி தயார். ஒன்று மட்டும் சைபர் என்றால் இன்னும் ஒரு வாரம். இந்தத் தேர்வில் தேறிய ஃபில்டர் நாளொன்றுக்கு 90 மில்லிகிராம் அம்மோனியாவைத் தீர்க்கும். ஒரு கிராம் தீனி ஏறத்தாழ 30 மில்லிகிராம் அம்மோனியா ஆகும் என்று வைத்துக்கொண்டால் அது தினம் மூன்று கிராம் தீனிக்குச் சமம். எட்டு கப்பி கால் கிராம்கூடத் தின்னாது. ஆகவே முதல் நாளே எட்டையும் சேர்த்து விடலாம், பயமில்லை.

மீன் வாங்கச் சென்னைக் கொளத்தூர் வரை போகிறவர்கள் உண்டு. எங்கே வாங்கினாலும் சரி, வாங்கப் போவதற்கு முந்தின ராத்திரி வரை தொட்டிக்கு அம்மோனியா போட்டுக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் பாக்டீரியா பட்டினி கிடக்கும். காலையில் கிளம்பும் முன் நைட்ரேட் பார்த்து, முக்கால் பங்குத் தண்ணீரை மாற்றி 20 பிபிஎம்முக்குக் கீழே கொண்டுவாருங்கள். கடைத் தொட்டியின் டிடிஎஸ்ஸையும் அதே பேனாவால் அங்கேயே அளந்துவிடுங்கள். கடை 300, வீடு 400 என்றால் பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டு விடலாம். கடை 150, வீடு 900 என்றால் மீனைப் பைத் தண்ணீரோடு பக்கெட்டில் ஊற்றி, காற்று டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, வினாடிக்கு இரண்டு மூன்று சொட்டாகத் தொட்டித் தண்ணீரை ஒன்றரை மணி நேரம் விழவிடுங்கள். பிறகு வலையில் எடுத்துத் தொட்டியில் விட்டு, பைத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுங்கள். அன்றைக்கு லைட் வேண்டாம், தீனியும் வேண்டாம். மறுநாள் காலை அம்மோனியா பார்த்துவிட்டு, இரு விரலில் எடுக்கும் ஒரு சிட்டிகை.